இருபத்திரண்டாவது வரி

உமைர் கடைசியாகச் செய்த காரியம் என்று ஆஸ்மாவுக்கு நினைவிருப்பது, நெத்திலி சம்பால் பாட்டிலை மூடியதுதான்.

சஹர் நேரம், நோன்பு வைக்குமுன் சாப்பிடும் விடியற்காலை. சிங்கப்பூரின் மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சமையலறை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தயிர்ச்சோற்றோடு ஒரு கரண்டி சம்பாலைத் தொட்டுச் சாப்பிட்டு முடித்தவன், வழக்கம்போல் மூடியைப் பிடித்து முறுக்கினான். அவன் மூடினால் திறக்க அவனே வரவேண்டும்.

"மச்சான், இது பாட்டிலா, பேங்க் லாக்கரா? கொஞ்சம் லூசா மூடுங்களேன். நான் தொறக்க வேணாமா?"

"தொறந்து குடுக்கத்தான் நான் இருக்கேன்ல" என்றான் உமைர். பாட்டிலை ஃபிரிட்ஜுக்குள் வைத்தான். கை கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போனான்.

அன்று மாலை, ஃபேரர் பார்க் பக்கத்துத் திடலில் நோன்புக் கஞ்சி வழங்கப் போட்டிருந்த பெரிய கூடாரம் திடீர்க் காற்றில் பிய்த்துக்கொண்டு கிளம்பி, இரும்புக் கால்களோடு விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் வெளியே இருந்ததால் தப்பினார்கள். கஞ்சி ஊற்றப் போயிருந்த உமைர் மட்டும் உள்ளே இருந்தான்.

அதன் பிறகு ஆஸ்மா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. அவள் கதவுக்குப் பின்னால் இருந்தபோதுதான் உமைர் வேலை பார்த்த நிறுவனம் விசாரணையைத் தொடங்கியது, நடத்தியது, முடிவையும் எழுதி வைத்தது. கூடாரம் பறந்ததற்குக் காரணம் ஒரு கணக்குப் பிழை. கணக்கு பிழைத்ததற்குக் காரணம் உமைர் எழுதி வைத்த குறிப்பு. தன் எழுத்தாலேயே தான் செத்தான் என்று யாரும் எழுதவில்லைதான். படித்தால் அப்படித்தான் அர்த்தமாயிற்று.

வெள்ளைச் சேலையோடு வீட்டில் இருப்பவள் எங்கே எதிர்த்துப் பேச வரப்போகிறாள் என்று அவர்கள் போட்ட கணக்கும் பிழைத்தது. இத்தா முடிந்த மறுநாள் காலை ஆஸ்மா கரும்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பூவம்மாவின் ஆபீஸ் படியேறினாள்.

*

பூவம்மா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூக்கு சும்மா இருக்காததால் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியிருந்தார். அவருடைய உதவியாளன் ரஞ்சன், முன்பு சாப்பாடு டெலிவரி ஓட்டியவன். ஒருமுறை பூவம்மாவுக்குத் தப்பான பார்சலைக் கொடுத்துவிட்டு, அவர் ஆர்டர் செய்ததே தப்பு என்று அரை மணி நேரம் வாதாடினான். அந்த வாய்க்காகவே அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் கணக்கு வராதும்மா" என்றார் பூவம்மா. "உன் வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தாரு? என் மண்டையில ஏறுற மாதிரி சொல்லு."

ஆஸ்மா நூலகத்தில் வேலை பார்ப்பவள். சுருக்கமாகச் சொல்லத் தெரியும்.

"இப்ப எல்லா ஆபீஸ்லயும் ஏ.ஐ. ஏஜெண்ட்னு வச்சிருக்காங்கல்ல அக்கா? சொன்னா ஆள் மாதிரி வேலையை முடிச்சுக் குடுக்கற சாஃப்ட்வேர். நல்லாப் பேசும். கணக்குல மட்டும் சில நேரம் சறுக்கிடும். அதனால கணக்கு வந்தா 'கால்க்'னு இவர் கம்பெனி விக்கற ஒரு டூலைக் கூப்பிட்டுக் கேக்கும். கால்க் தப்பே பண்ணாது. ஆனா எந்த நம்பரை எப்படிக் குடுக்கணும்னு ஏஜெண்ட்டுக்கு யாராவது எழுதி வைக்கணும். அந்தக் குறிப்பை எழுதறதுதான் அவர் வேலை."

"அதாவது மெஷினுக்குச் சமையல் குறிப்பு" என்றான் ரஞ்சன்.

"அப்படியே வச்சுக்குங்க. ஆனா 'உப்பு தேவையான அளவு'ன்னு எழுதித் தப்பிக்க முடியாது. மனுஷனுக்குச் சந்தேகம் வந்தா பக்கத்துல இருக்கறவனைக் கேப்பான், மெஷின் பாட்டுக்குச் செஞ்சுட்டுப் போயிடும்பாரு. சந்தேகம் வர்ற சந்து எங்க இருக்குன்னு முன்னாடியே தேடிப் போய் அடைக்கணும்பாரு. சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்."

"இப்ப அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒரு சந்தை அவர் அடைக்காம விட்டுட்டாருன்னு சொல்றாங்க. இன்னிக்குச் சாயங்காலம் அந்த ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போகுது. போயிட்டா அதுதான் அவர் பேர்."

பூவம்மா முன்னால் சாய்ந்தார். "தப்பு யாருக்கும் வரும் ஆஸ்மா."

"வரும். பால் வாங்கப் போய் தயிர் வாங்கிட்டு வந்திருக்காரு. எங்க கல்யாண நாளை மறந்திருக்காரு. இந்தத் தப்பை அவர் பண்ணலை." "ஆறுதல் சொல்ல ஆள் தேடி நான் வரலை அக்கா. அது வீட்லயே நெறைய கிடைச்சுது. எனக்கு அவங்க முகத்துக்கு நேரா வைக்க ஒரு சாட்சி வேணும்."

பூவம்மா கைப்பையை எடுத்தார். "ரஞ்சா, வண்டியை எடு."

"வண்டி மேல பார்க்கிங் அபராதச் சம்மன் ஒட்டியிருக்கு பாஸ். எடுத்தா ரெண்டும் சேர்ந்துதான் வரும்."

*

ராபின்சன் ரோட்டில், வானத்தைத் துடைத்து மாட்டியதுபோல் ஒரு கண்ணாடிக் கட்டடம். உமைரின் மேலாளராக இருந்த அர்ஜுன் அவர்களைக் குளிர்ந்த அறை ஒன்றில் உட்கார வைத்தான். தூக்கம் கெட்ட முகம், கசங்காத சட்டை.

"ஐ ஆம் ரியலி சாரி, மிஸஸ் உமைர். அவர் எனக்கு பிரதர் மாதிரி."

"பங்காளிச் சண்டை இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று ரஞ்சன் பூவம்மாவின் காதில் மட்டும் விழும்படி சொன்னான்.

அர்ஜுன் சுவர்த் திரையில் குறிப்பைப் போட்டான். ஆங்கிலத்தில் ஒன்பது வரி. கடைசி வரியில் 'உதாரணம்: கூடுதல் = 0.5' என்று இருந்தது.

"ஆக்சிடெண்ட் நடந்த அன்னிக்குக் கூடாரக் கம்பெனியோட ஏஜெண்ட் படிச்ச குறிப்பு இதுதான். அதுக்கப்புறம் இதுல யாரும் கை வைக்கலை, சத்தியமா. பாருங்க, கூடாரம் பறக்காம இருக்க ஒவ்வொரு கால்லயும் தண்ணித் தொட்டி கட்டுவாங்க. காலுக்கு இருநூறு கிலோ. காத்து அடிக்கற இடம்னா அம்பது பர்சண்ட் கூடுதல், மொத்தம் முந்நூறு. கால்க்குகிட்ட 'கூடுதல் 50'ன்னு குடுக்கணும். இந்த உதாரணத்தைப் பாத்துட்டு ஏஜெண்ட் 0.5னு குடுத்திருச்சு. கால்க்குக்கு அது அரை பர்சண்ட். இருநூத்தி ஒரு கிலோன்னு பதில் வந்துச்சு. அவ்வளவு தண்ணிதான் ஊத்தினாங்க."

முந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றி ஒன்று.

"அந்த வரியை அவர் எழுதலை" என்றாள் ஆஸ்மா.

அர்ஜுன் பெருமூச்சு விட்டான். "இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும். நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் தேடினேன்." தேடல் கட்டத்தில் 0.5 என்று தட்டினான்.

ஒரே ஒரு வரி வந்து நின்றது. இடது ஓரத்தில் சின்னதாக 23 என்று ஓர் எண். நடுவில் 'கூடுதல் = 0.5'. வலது ஓரத்தில், எழுதியவர்: உமைர். தேதி போன வருஷத்தது.

அந்தப் பெயரை ஆஸ்மா எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறாள். கரண்ட் பில்லில், நிக்காஹ் பத்திரத்தில், கடைசியாக இறப்புச் சான்றிதழில். எந்த இடத்திலும் அது அவளை இப்படிச் சுட்டதில்லை.

"நாங்க அவரைக் குத்தம் சொல்லலை" என்றான் அர்ஜுன், மெதுவாக. "ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரிதான் அவரைப் பத்தி."

"ஒரு வரி போதுமே தம்பி. கூடாரமும் ஒரு வரியிலதானே விழுந்துச்சு?" என்றார் பூவம்மா. போனை எடுத்தார். "இதை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? அந்த ஒம்பது வரியையும் சேத்து?"

"ஷ்யூர் லா. மறைக்க ஒண்ணும் இல்லை."

*

கீழே கோப்பிக் கடையில் மூன்று கோப்பி வந்து ஆறிக்கொண்டிருந்தது. ரஞ்சனே பேசாமல் இருந்தான் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"அவர் எழுதியிருக்காரு அக்கா" என்றாள் ஆஸ்மா. "என் கண்ணால பாத்துட்டேன். ஆனாலும் எனக்கு…" வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. "ஆனாலும் நான் ஒத்துக்க மாட்டேன். பைத்தியம்னு நெனச்சுக்குங்க."

"பைத்தியமெல்லாம் இல்லை. உன் கண்ணு பேரைப் பாத்துச்சு. பாக்கத்தான் செய்யும். என் கண்ணுக்கு அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லை, அதனால நம்பரைப் பாத்துச்சு." பூவம்மா போனை மேஜை நடுவில் வைத்து, படத்தைப் பெரிதாக்கினார். "இடது பக்கம் என்ன போட்டிருக்கு?"

"இருபத்தி மூணு."

"வரி நம்பர். மேல நமக்குக் காட்டின குறிப்புல எத்தனை வரி?"

ஆஸ்மா நிமிர்ந்தாள். "ஒம்பது."

"ஒம்பது மாடி புளோக்குல இருபத்தி மூணாவது மாடியில வீடா!" ரஞ்சனுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "வீடு கட்டின எச்.டி.பி.க்குத் தெரியுமா பாஸ்?"

"அப்ப அர்ஜுன் பொய் சொல்றானா?"

"அவன் வாயிலேர்ந்து ஒரு பொய்கூட வரலை" என்றார் பூவம்மா. "ஆக்சிடெண்ட் அன்னிக்கு இருந்த குறிப்பு அதுதான். அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலை. அதுக்கு முன்னாடி யார் கை வச்சாங்கன்னு நான் கேக்கலை, அவனும் சொல்லலை. அந்த வரியை உன் வீட்டுக்காரர்தான் எழுதியிருக்காரு, அதுவும் நெசம். ஆனா தேடினா தேடின வரி மட்டும்தான் வரும். அதுக்கு மேல என்ன இருந்துச்சு, கீழ என்ன இருந்துச்சு? அதுதான் எனக்கு வேணும்."

"மேல போய்க் கேட்டுடலாமே?"

"கேட்டா லீகல் டிபார்ட்மெண்ட்டைக் கேக்கணும்பான். சாயங்காலம் வரைக்கும் இழுத்துட்டா போதும் அவங்களுக்கு. பழைய குறிப்பு முழுசா வெளிய எங்கயாவது இருக்கா ஆஸ்மா? யோசி."

ஆஸ்மா கோப்பியைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"கஞ்சிக் கிராணி!"

"யாரு அந்த ஆளு?" என்றான் ரஞ்சன்.

"ஆள் இல்லை. பள்ளிவாசல் சமையல் கூடத்துக்கு அவர் போட்டுக் குடுத்த ஏஜெண்ட். எத்தனை பேருக்குக் கஞ்சி, எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எல்லாக் கணக்கும் அதுதான் பாக்கும். அதனால ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிடற மாதிரி கிராணின்னு பேர் வச்சுட்டாங்க. போன நோன்புக்கு முந்தின நோன்புல வச்சாரு. நெட் போனாலும் கஞ்சி நிக்கக்கூடாதுன்னு, ஆபீஸ்ல கேட்டு, கால்க்கையும் குறிப்பையும் அப்படியே அதுக்குள்ள இறக்கி வச்சாரு."

பூவம்மா கோப்பியை ஒரே மடக்கில் முடித்தார்.

*

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் அந்தப் பள்ளிவாசல். பின்கட்டுச் சமையல் கூடத்தில் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாக்கள் கவிழ்ந்து கிடந்தன. கஞ்சிக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த ஹுசைன், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"வாம்மா ஆஸ்மா. இத்தா முடிஞ்சுதா? உம்மா சுகமா இருக்காங்களா?"

"சுகம் ஹுசைன் நானா. கிராணி எங்க?"

ஹுசைன் அலமாரியைத் திறந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். கஞ்சிக் கை படாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. அதன் மேலேயே மஞ்சள் தூள் படிந்திருந்தது. "அன்னிக்குத் திடலுக்குக் கொண்டு போனோம். அதோட உள்ள வச்சதுதான். மிச்ச நோன்புக்கு வாயாலயே கணக்குப் போட்டுக்கிட்டோம். யாருக்கும் இதைத் தொட மனசு வரலை."

சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூவம்மா சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கரண்டிகளைப் பார்த்தார். "உமைர் இங்க நல்லாக் கிண்டுவாரா பாய்?"

"இப்ப நல்லாக் கிண்டுவாரு. மொத வருஷம்?" ஹுசைன் சிரித்துவிட்டார். 'இப்ப' என்று சொன்னதை ஆஸ்மா கவனித்தாள், திருத்தவில்லை. "எங்க குழுவுல ஒரு ராகிங் உண்டு. புதுசா சேர்றவன் எவனா இருந்தாலும் மொதல்ல ஒரு கப் கஞ்சி குடுப்போம். நல்ல கஞ்சி இல்லை, வேணும்னே அடிப்பிடிக்க விட்ட கஞ்சி. குடிச்சே ஆகணும். அந்தக் கருகல் ஒருதரம் நாக்குல ஏறிட்டா, அப்புறம் கிண்டறதை நிறுத்தவே மாட்டான். உமைர் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சாரு பாரு! அப்புறம் சொன்னாரு, 'நானா, நல்லது எப்படி இருக்கும்னு காட்டினா பாதிதான் புரியும். கெட்டது எப்படி இருக்கும்னும் காட்டணும் போல. இதை நான் ஆபீஸுக்குத் திருடிட்டுப் போறேன்'னு."

பூவம்மாவின் புருவம் ஏறியது. அவர் ஆஸ்மாவைப் பார்த்தார். ஆஸ்மாவும் அவரைப் பார்த்தாள்.

டேப்லெட் விழித்தது.

"ரஞ்சா, அதுகிட்டத் தப்பாக் கேளு" என்றார் பூவம்மா.

"அதுக்கு நான்தானே பாஸ் சரியான ஆளு?" அவன் தட்டினான்: ஐந்நூறு பேருக்குக் கஞ்சி வேண்டும். கூடுதல் 0.5.

கிராணியின் பதில் தமிழில் வந்தது.

'0.5 என்பது அரை சதவீதம். பாதிப் பங்கு கூடுதல் வேண்டும் என்றால் 50 என்று கொடுக்க வேண்டும். இரண்டில் எது?'

"ஐயோ, என்னையே திருப்பிக் கேக்குது!"

கூடாரக் கம்பெனியின் ஏஜெண்ட் கேட்காத கேள்வி அது. ஆஸ்மா கவிழ்ந்து கிடந்த ஒரு தேக்சாவின் மேல் உட்கார்ந்தாள்.

"எதைப் படிச்சுட்டு இப்படிக் கேக்குறேன்னு கேளு" என்றார் பூவம்மா. ரஞ்சன் கேட்டான். கிராணி தன்னிடம் இருந்த குறிப்பு முழுவதையும், வரி எண்ணோடு விரித்துக் காட்டியது. ஆங்கிலம். ஆஸ்மா டேப்லெட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். விரலால் தள்ளித் தள்ளி இருபத்தொன்றாவது வரிக்கு வந்தாள். அதில் 'சரியான உதாரணம்: கூடுதல் = 50' என்று இருந்தது. அடுத்த மூன்று வரிகளை அவள் தமிழில் சொன்னாள்.

"இருபத்தி ரெண்டு. கீழே வருவது தவறான உதாரணம், ஒருபோதும் இப்படிக் கொடுக்காதே. இருபத்தி மூணு. கூடுதல் சமம் 0.5. இருபத்தி நாலு. இப்படி ஓர் எண் வந்தால் கணக்குப் போடாதே, கேட்டவரிடம் திருப்பிக் கேள்."

"அடிப்பிடிச்ச கஞ்சி" என்றார் ஹுசைன், தனக்குள்.

"ஆமா. குடிக்காதேன்னு எழுதி வச்சுக் குடுத்த கஞ்சி" என்றார் பூவம்மா. "எவனோ அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டு, இதுதான் கஞ்சின்னு பரிமாறியிருக்கான்."

ரஞ்சன் போட்டோ எடுக்கக் குனிந்தான். திரையை மேலே தள்ளினான், தள்ளியவன் நின்றான். "பாஸ். எனக்கு முன்னாடி கடைசியா இதுல கேள்வி கேட்டது யாரு?"

அவனுடைய கேள்விக்கு மேலே இன்னொரு கேள்வி இருந்தது. நோன்பு மாதத்தில், காற்று வருவதற்குச் சற்று முன். எழுத்துப் பிழைகளோடு, அவசரமாக, நின்றபடி தட்டிய எழுத்து.

'கஞ்சி இல்ல. கூடாரம். கம்பத்துத் தகட்டுல ஒரு காலுக்கு 200 கிலோன்னு போட்டிருக்கு. கூடுதல் 50. எவ்ளோ எடை வேணும்'

'300 கிலோ.'

'தட்டிப் பார்த்தேன். தொட்டி அவ்ளோ ரொம்பல. ஆளுங்கள வெளிய அனுப்பறேன்'

அதன் கீழே எதுவும் இல்லை.

ஹுசைனின் கை வாயை மூடிக்கொண்டது. "தொட்டியத் தட்டிட்டு வந்தாரு. தேக்சாவுல எவ்வளவு இருக்குன்னு நாங்க தட்டித்தான் பாப்போம், அது மாதிரி. அப்புறம் வெளிய போங்க, வெளிய போங்கன்னு கத்தினாரு. மழை வரப்போகுதுன்னு கத்தறாருன்னு நெனச்சேம்மா. எல்லாரும் போன பிறகு கேஸ் அடுப்பை அணைக்க உள்ள போனாரு. என்னை யாரும் கூப்பிட்டு எதுவும் கேக்கலை. கேட்டிருந்தாலும், எனக்கு இது தெரியாதே."

ஆஸ்மா அழவில்லை. டேப்லெட்டைப் பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "நானா, இதை ஒரு நாள் எடுத்துட்டுப் போறேன்."

*

அர்ஜுன் முதலில் இருபத்து நான்காவது வரியைப் படித்தான். பிறகு இருபத்து மூன்று. பிறகு இருபத்திரண்டு. கீழிருந்து மேலே படித்தால் அர்த்தம் மாறிவிடுமோ என்று பார்த்தவன்போல. கடைசியில், உமைர் திடலில் தட்டிய கேள்வியையும் அதற்குக் கீழே இருந்ததையும்.

"இத்தனை வரியை ஒம்பதாக்கினது யாரு தம்பி?" என்றார் பூவம்மா. "இந்தத் தடவை சரியான கேள்வியாத்தான் கேக்கறேன்."

"ஏஜெண்ட் ஒவ்வொரு தடவையும் குறிப்பு முழுசையும் படிச்சாகணும். நீளமா இருந்தா ஸ்லோ." அவன் குரல் தேய்ந்தது. "எல்லாத்தையும் சுருக்கச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர். சுருக்கறதுக்கு இன்னொரு ஏஜெண்ட்டை விட்டேன். அது ரெண்டு உதாரணம் எதுக்குன்னு சரியானதை எடுத்திருச்சு, எச்சரிக்கை வரியும் போயிருச்சு. செக் பண்ண வேண்டியது உமைர். அவர் நோன்போட கடைசிப் பத்து நாளுக்கு லீவு போட்டிருந்தாரு. நான்… அப்ரூவ் பண்ணிட்டேன்."

"மெஷின் எழுதின சுருக்கத்தை மெஷின் படிச்சு, தொட்டியில எவ்வளவு தண்ணின்னு மெஷினே சொல்லியிருக்கு" என்றான் ரஞ்சன். "நடுவுல மனுஷன்னு ஒருத்தர் இருந்தாரு. அவரும் லீவு."

"நான் வேணும்னே மறைக்கலை. தேடினேன், அவர் பேர் வந்துச்சு…"

"வந்ததும் நிறுத்திட்டீங்க" என்றாள் ஆஸ்மா. "ஒரு வரி மேல பாக்கலை."

அர்ஜுன் நெற்றியைத் தேய்த்தான். மணியைப் பார்த்தான். பிறகு, எல்லாருக்கும் நல்லது செய்ய முடிவெடுத்தவன்போல நிமிர்ந்தான். "ஓகே. ரிப்போர்ட் இன்னும் போகலை. அவர் பேரை எடுத்துடறேன். 'குறிப்பில் ஏற்பட்ட குறைபாடு'ன்னு மட்டும் போட்டுடலாம். யார் மேலயும் பழி இல்லை. உங்களுக்கும் நிம்மதி. ஓகேவா?"

காலையில் இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் தலையாட்டியிருப்பாள்.

"எடுக்காதீங்க" என்றாள். "அவர் பேரை எடுக்கக் கூடாது. போடுங்க. இருபத்தி ரெண்டாவது வரியை எழுதினவர் உமைர்னு போடுங்க. அதை யார் எடுத்தாங்க, எடுத்ததை யார் சரின்னாங்கன்னு அதுக்குக் கீழ போடுங்க. தொட்டியைத் தட்டிப் பாத்து, கணக்குக் கேட்டு, ஆளுங்களை வெளிய அனுப்பினது யாருன்னு அதுக்கும் கீழ போடுங்க. குறைபாடு, ஏற்பட்டதுன்னு ஆள் இல்லாத வாக்கியம் எதுவும் எனக்கு வேணாம். நான் லைப்ரரியில வேலை செய்யறவ. படிச்சுப் பாத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

"மிஸஸ் உமைர், லீகல்ல கேக்கணும்…"

"கேளுங்க. சந்தேகம் இருந்தா கேக்கச் சொல்லித்தானே அவரும் எழுதியிருக்காரு? நான் இங்கயே உக்காந்திருக்கேன். இத்தா முடிஞ்சிருச்சு. எனக்கு இப்ப வீட்டுக்குப் போகணும்னு அவசரம் ஒண்ணும் இல்லை."

அவள் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூவம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தார். ரஞ்சன் நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பில் சாய்ந்தான்.

"ப்ரோ, அப்படியே ஒரு கோப்பி சொல்லுங்க. சீனி தேவையான அளவு."

அர்ஜுன் யாருக்கோ போன் செய்தான். மறுபடி செய்தான். கண்ணாடிக்கு வெளியே வெயில் இறங்கி, எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாக விளக்குப் போடத் தொடங்கினார்கள். அவன் தட்டச்சு செய்தான். அவள் படித்தாள். 'தவறுதலாக நீக்கப்பட்டது' என்ற இடத்தில் விரலை வைத்தாள். அவன் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினான். எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தினான்.

*

ரஞ்சன் அவளை மார்சிலிங்கில் இறக்கிவிட்டான். வழி நெடுக ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், "அக்கா, உங்க வீட்டுக்காரர் எனக்கு மூணு மாசம் முன்னாடி கிடைச்சிருந்தா, என் டெலிவரி ஆப்புக்கு ஒரு குறிப்பு எழுதி வாங்கியிருப்பேன்" என்றான். மூன்று மாதத்துக்கு முன் உமைர் இல்லை என்பது அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஆஸ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வீட்டில் சோறு வைத்தாள். தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். சம்பால் பாட்டில் அதே தட்டில், அதே மூலையில் இருந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு அது சாப்பிட ஆகாது என்று தெரியும். இருந்தாலும் எடுத்தாள். சேலைத் தலைப்பை மூடியில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கினாள்.

மூடி அசையவில்லை.